கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து செவன்ஸ் நாக்அவுட்: கேலரி ரேட்டிங் 3/5

கேரளாவுல பாலக்காடு பக்கம், அணிக்கு ஏழு பேர் ஆடுற செவன்ஸ் கால்பந்து இது. கமுகு மரம் கட்டி எழுப்பின பார்வையாளர் கேலரி, கொஞ்சம் ஆடும். கோல் போஸ்டுக்குப் பின்னால டிக்கெட் எடுக்காதீங்க; வலை மறைக்கும், ஃபிளட்லைட் கண்ணைக் கூசும். நடுக்கோட்டுக்கு நேரே, அஞ்சாம் படிக்கு மேல உட்காருங்க. எதிரணி டிஃபெண்டர்களைத் தாண்டி நின்னு பாஸ் வாங்கக் கூடாதுங்கற ஆஃப்சைடு விதி இங்க கிடையாதுங்கறதால, ஒரு ஃபார்வர்டு எதிரணி கோலி (கோல்கீப்பர்) பக்கத்துலயே நிப்பார், நீளமான பாஸெல்லாம் அங்கதான் பறக்கும். அந்த ஓட்டத்தை மேலிருந்து பார்க்கணும்.

ஆட்டத்துக்குக் குறையே இல்லை, தரைதான் சொதப்பல். சாயங்காலம் தரைக்குத் தண்ணி தெளிக்கலைன்னா ரெண்டாம் பாதி முழுக்கப் புழுதி. கூடுதலா தெளிச்சா கோல் ஏரியா சேறாகி, உருண்டு வர்ற பந்து பாதியிலயே நின்னுடும், கோலி ஏமாந்துடுவார். காலிறுதியில ரெண்டு கோல் அப்படித்தான் விழுந்துச்சு.

அரையிறுதிக்கு ஆறரைக்கே வந்துடுங்க. எல்லையில இருக்கற கோபாலபுரம் வழியா பொள்ளாச்சிக் கூட்டம் வந்து சேர்ந்தா நடுப்பக்கம் நிறைஞ்சுடும். கட்டன்சாயா (பால் இல்லாத டீ) அருமை. கழிப்பிடம் மட்டும் கேட்காதீங்க.