ஜன்னல் நிலை (சுற்றுச் சட்டம்): சுவர் கட்டும்போதே வைப்பதா, திறப்பு விட்டுப் பிறகு மாட்டுவதா?

மர நிலை என்றால் சுவரோடு சேர்த்து வைப்பதே நல்லது. தூக்குக்குண்டு பிடித்து நிறுத்தி, முட்டுக் கொடுத்து, பக்கத்துக்கு 3 கிளாம்பு (நிலையைச் சுவரோடு பிடிக்கும் இரும்புப் பட்டை) வீதம் கான்கிரீட்டில் புதைத்துவிட்டால் பிறகு அசையாது. ஆனால் நிலைக்குள் குறுக்குக் கட்டை கொடுக்க மறக்கவே கூடாது. கிளாம்புக்குக் கான்கிரீட்டைக் குத்தி இறுக்கும்போது நிலைக்காலின் நடுப்பகுதி உள்வாங்கிவிடும். கதவு உரசும்போதுதான் அது தெரியவரும். சிமெண்ட் ஈரம் மரத்தில் ஏறாமலிருக்க, சுவரில் படும் முகத்துக்கு முன்பே பிரைமர் அடித்துவிடுங்கள்.

யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்), அலுமினிய ஜன்னலுக்குத் திறப்பு விட்டுப் பிறகு மாட்டும் முறைதான். பூச்சு வேலையின் கீறலும் கறையும் படாது. பூச்சு முடிந்த பின் அகலத்தை மேல், நடு, கீழ் என 3 இடத்தில் அளந்து, இருப்பதில் குறைந்த அளவிலிருந்து பக்கத்துக்குச் சுமார் 5 மி.மீ. கழித்து ஆர்டர் கொடுங்கள். திறப்பின் இரண்டு மூலைவிட்டங்களும் ஒத்துவர வேண்டும். நிலைக்கும் சுவருக்கும் இடைவெளி பெரிதானால் அதை அடைக்கும் சிலிக்கான் பசை பிளந்து மழைநீர் இறங்கும். திறப்பின் அடிப்பரப்பு வெளிப்பக்கம் சரிந்திருக்கட்டும்.

எந்த முறையானாலும் லிண்டல் (திறப்புக்கு மேலே சுவரைத் தாங்கும் உத்தரம்) இருபுறமும் குறைந்தது 150 மி.மீ. சுவரில் உட்கார வேண்டும். நிலை பாரம் தாங்காது.