1.99 வெள்ளி எண்ணெயும் என் மின்சாரக் காடியும்

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருக்கும் அக்கா மகன் போன வாரம் கேட்டான்: "மாமா, நம்ம நாட்டு மின்சாரக் காடி புரோட்டோன் இ.மாஸ் 5 அறுபதாயிரம் வெள்ளிக்குக் கீழே வந்துடுச்சே, என் பெட்ரோல் மைவியைக் கொடுத்துட்டு அதை எடுக்கட்டா?" நான் ஒரு வருடத்துக்கு மேலாக இ.மாஸ் 7 ஓட்டுகிறேன். அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

காடி அருமை, அதில் மறுபேச்சு இல்லை. செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் தோட்டத்துச் சாலையில் ஊர்ந்து பாருங்கள். மிதியிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் இழுத்துப் பிடித்து வேகத்தைக் குறைக்கிறது. அந்தச் சக்தி பேட்டரிக்குத் திரும்பிவிடுகிறது. பிரேக்குக்கு அநேகமாக வேலையே இல்லை. லாரி ஒதுங்கியதும் லேசாக மிதித்தால் போதும், சத்தமில்லாமல் தாண்டிவிடும். தினமும் ஈப்போ போய் வந்து, இரவு வீட்டில் சார்ஜ் போடுகிறேன். ஒரு யூனிட் சுமார் 44 சென். நூறு கிலோமீட்டருக்கு 15 யூனிட் என்றால் ஏழு வெள்ளிக்குள் முடிந்துவிடும்.

எரிச்சல் நெடுஞ்சாலையில் ஆரம்பிக்கிறது. நம் ஆட்களுக்கு 110 என்று போட்டிருந்தால் 130. அந்த வேகத்தில் இந்தக் காடி பேட்டரியைக் குடிக்கிறது. 120இல் போனாலே எனக்கு 19 யூனிட் பிடிக்கிறது. வழியில் வேகச் சார்ஜர் போட்டால் யூனிட்டுக்கு 1 வெள்ளி 20 சென், சில இடங்களில் அதற்கும் மேல். நூறு கிலோமீட்டருக்கு 23 வெள்ளி! பக்கத்தில் போகும் மைவி அதே வேகத்தில் ஏழு லிட்டர் குடித்தாலும், புடி95 என்ற அரசாங்க மானியத் திட்டத்தில் லிட்டருக்கு 1.99 விலையில் 14 வெள்ளிதான். பெருநாள் காலத்தில் வரிசையில் நின்று இந்தக் காசையும் கொடுக்கும்போது வயிறு எரிகிறது. நமக்கு முன்னால் நிற்பவர் 80 விழுக்காடு தாண்டியும் கழற்றாமல், சொட்டுச் சொட்டாக நூறு வரை ஏற்றிவிட்டு, சாப்பிட்டு முடித்து ஆற அமர வருவார்.

அந்த எண்ணெய் மானியத்தை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். மாதாமாதம் கிடைக்கும் மலிவு எண்ணெய் தோட்டத்துக் குடும்பங்களுக்குப் பெரிய கைத்தாங்கல். என் கோபம் வேறு. இறக்குமதி மின்சாரக் காடிக்கு 2025 கடைசி வரை வரிவிலக்கு கொடுத்தார்கள், கூடவே 100,000 வெள்ளிக்குக் கீழே விற்கக் கூடாது என்றார்கள். உள்ளூர் தயாரிப்பைக் காப்பாற்றத்தான், சரி. ஆனால் அத்தனை வருடச் சலுகையும் யாருக்குப் போனது? கோலாலம்பூரில் பெரிய வீடு வைத்திருப்பவர்களுக்கு. 2025க்குள் 10,000 பொதுச் சார்ஜர் என்ற வாக்கும் நிறைவேறவில்லை. மலிவுக் காடி இப்போதுதான் வருகிறது. அதைச் சார்ஜ் போட வழி எங்கே?

அக்கா மகன் இருப்பது தோட்டத்து வீடு. மீட்டர், வயர் எல்லாம் நிர்வாகத்தின் கையில். சுவரில் சார்ஜர் மாட்ட அவர்களிடம் போய் நிற்க வேண்டும். கிடைக்காவிட்டால் ஒவ்வொரு யூனிட்டையும் வெளியில்தான் வாங்கணும். இத்தனைக்கும் என் காடியை எவன் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். ஆனால் அவனிடம், "இப்போ வேண்டாம்டா, மைவியையே ஓட்டு. சொந்த வீடு வாங்கி, மீட்டர் உன் பேருக்கு வரட்டும். அன்னைக்கு நானே கடைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றுதான் சொன்னேன்.