ரிட்ரீவர் குட்டிக்கான தொடக்கப் பயிற்சிப் பெட்டி: எதை இப்போதே எடுக்கலாம், எதைப் பூட்டி வைக்க வேண்டும்

வேட்டைக்குப் பழக்க ரிட்ரீவர் குட்டி வாங்குபவர்களுக்கென்று விற்கப்படும் தொடக்கப் பெட்டிகளில் பெரும்பாலும் ஒரே பொருட்கள்தான் இருக்கும். ஒரு சிறிய கேன்வாஸ் டம்மி (பறவைக்குப் பதிலாக எறிந்து எடுத்துவரப் பழக்கும் உருளை), ஒரு பிளாஸ்டிக் டம்மி, விசில், நீளக் கயிறு, சுருக்கு வார் (இழுத்தால் கழுத்தில் இறுகும் வார்), ஒரு குப்பியில் செயற்கைப் பறவை வாசனை. பொருட்கள் பொதுவாக மோசமில்லை. எல்லாம் ஒன்றாக வருவதுதான் சிக்கல். வாங்கியவருக்கு முதல் வாரத்திலேயே அத்தனையையும் பிரித்துப் பார்க்கத் தோன்றும். முதல் சில மாதங்களில் குட்டிக்கு அதில் இரண்டு பொருள்தான் வேண்டும். மற்றவற்றில் சில, நேரம் வருமுன் கைக்கு வந்தால் குட்டியின் வாயைக் கெடுக்கும். சுட்ட பறவையை நசுக்காமல் கொண்டுவந்து கையில் தருவதுதான் ரிட்ரீவரின் வேலை. அதனால் ஒவ்வொரு பொருளையும் குட்டியின் வாய்க்கு அது என்ன செய்யும் என்று பார்த்தே மதிப்பிட்டிருக்கிறேன்.

முதலில் கேன்வாஸ் டம்மி. பெட்டியில் உருப்படியான பொருள் இதுதான். குட்டிகளுக்கான அளவு சுமார் 225 கிராம். வளர்ந்த நாய்க்கு உரியது அதன் இரு மடங்கு, 450 கிராம். எட்டு வாரக் குட்டிக்கு 225 கிராம்கூட அதிகம். மூன்று மாதம் வரை சுருட்டிக் கட்டிய காலுறையோ, சுவருக்கு வண்ணம் பூசும் ரோலரின் புதிய பஞ்சு உறையோ போதும். குட்டி டம்மியை நடுவில் கவ்வித் தலையை நிமிர்த்தி நடக்க முடிகிறதா என்று பாருங்கள். ஒரு முனை தரையில் இழுபட்டால் அது இன்னும் பெரிது. அந்த நிலையில் எறிந்தால் குட்டி முனையைப் பிடித்து இழுக்கப் பழகும். பிறகு பறவையையும் இறக்கையைப் பிடித்து இழுத்து வரும்.

டம்மியை வாங்கும்போது அமுக்கிப் பாருங்கள். விரல் பதிய வேண்டும், ஆனால் உள்ளடைப்பு ஒரு பக்கமாக ஓடக் கூடாது. மணல் அடைத்தது தண்ணீரில் மூழ்கிவிடும். மரத்தூள் அடைத்தது முதலில் மிதக்கும், நனைந்த பின் கனத்துப்போகும், உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். நுரை அல்லது தக்கை அடைத்து, இரட்டைத் தையல் போட்டதே நல்லது. ஒரு வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

எறிவதற்காக முனையில் இருக்கும் கயிற்றையும் கட்டையையும் குட்டிக் காலத்தில் கழற்றிவிடுங்கள். தைத்திருந்தால் வெட்டிவிடலாம். தொங்கும் கயிறுதான் முதலில் குட்டியின் கண்ணில் படும். அதைக் கவ்விக்கொண்டு ஓடும்போது டம்மி முன்னங்காலில் மோதும், குட்டி தலையை உதறும், அந்த உதறலே விளையாட்டாகிவிடும். நடுவில் கவ்விப் பழக வேண்டிய வயதில் இது வீண் தொல்லை. குட்டிக்கு இரண்டு மூன்று மீட்டர்தான் எறியப்போகிறோம், அதற்குக் கயிறு எதற்கு?

இந்த டம்மியைப் பயன்படுத்தும் முறையைப் பெட்டியோடு வரும் தாள்கள் இரண்டு வரியில் முடித்துவிடுகின்றன. அது போதாது. ஒரு நடைபாதையைத் தேர்ந்தெடுங்கள். சுமார் ஒரு மீட்டர் அகலம், பக்கக் கதவுகள் எல்லாம் மூடியிருக்க வேண்டும், எதிர்முனை அடைபட்டிருக்க வேண்டும். திறந்த முனையில் தரையில் உட்காருங்கள். குட்டியின் மார்பில் லேசாகக் கைவைத்து, டம்மியை அதன் முகத்துக்கு முன்னால் ஆட்டிக் காட்டி உருட்டிவிட்டு, உடனே விடுங்கள். இந்த வயதில் காத்திருக்கச் சொல்லக் கூடாது. ஓடிப் போய் எடுக்கும் ஆசை முதலில் வளரட்டும், பொறுமையைப் பின்னால் சேர்க்கலாம். எடுத்ததும் குட்டி திரும்பி வர ஒரே வழிதான், அந்த வழியில் நீங்கள் இருக்கிறீர்கள். வந்ததும் டம்மியைப் பிடுங்காதீர்கள். மார்பையும் முதுகையும் தடவி, ஐந்தாறு விநாடி அது பெருமையாக வைத்திருக்கட்டும். பிறகு டம்மிக்குக் கீழே உள்ளங்கையை வைத்து, "குடு" என்று மெதுவாகச் சொல்லி, அது வாயைத் தளர்த்தும்போது வாங்குங்கள். தளர்த்தாவிட்டால் இழுக்காமல் டம்மியைக் குட்டியின் பக்கமாக லேசாக அழுத்துங்கள், பிடி தானே விடும். இழுத்தால் குட்டி இறுக்கும். இறுக்கிப் பிடிக்கும் வாய் இங்கேதான் உருவாகிறது. அதே காரணத்தால் துணியைப் பிடித்து இழுக்கும் விளையாட்டை வீட்டில் யாருமே, குழந்தைகள் உட்பட, இந்தக் குட்டியோடு விளையாடக் கூடாது.

மூன்று முறை, அதிகம் போனால் நான்கு. அத்தோடு நிறுத்திவிட வேண்டும். "இன்னொரு தடவை" என்று குட்டி கெஞ்சும்போதே டம்மியை எடுத்து உயரத்தில் வைத்துவிடுங்கள். பத்து முறை எறிந்தால் எட்டாவது முறை பாதியில் போட்டுவிட்டுப் படுக்கும். பாதியில் விடலாம் என்ற பாடத்தை நாமே கற்றுக்கொடுத்தது போலாகிவிடும்.

குட்டி டம்மியோடு ஓடி ஒளிந்தால் துரத்தாதீர்கள். முதுகைக் காட்டி எதிர்த்திசையில் நடங்கள், அது பின்னால் வரும். பாதி வழியில் கீழே போட்டால் தூரத்தைக் குறையுங்கள், அது கிட்டே வரும்போது நீங்கள் இரண்டடி பின்வாங்குங்கள். டம்மியைக் கடித்து மெல்லத் தொடங்கினால் ஒன்று அது வாயில் அதிக நேரம் இருக்கிறது, அல்லது பல் விழும் காலம் வந்துவிட்டது. செருப்பைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வந்தாலும் அதட்டக் கூடாது, பாராட்டி வாங்கி வைத்துவிட வேண்டும். அதற்கு அது செருப்பு என்று தெரியாது, எதையோ தூக்கி வந்ததற்குத் திட்டு விழுந்தது என்றே தெரியும்.

பல் விழும் காலம் பற்றி எந்தப் பெட்டியும் அழுத்திச் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். குட்டிக்கு 28 பால் பற்கள். ஏறக்குறைய மூன்றரை மாதத்தில் விழத் தொடங்கி, ஆறேழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். இந்தக் காலத்தில் ஈறு வீங்கிச் சிவந்திருக்கும். கேன்வாஸில் ரத்தக் கறை தெரிந்தால் எடுத்துவரும் பயிற்சியை அப்படியே நிறுத்துங்கள். வலிக்கும்போது கவ்வச் சொன்னால், டம்மியைக் கண்டாலே முகம் திருப்பும் நாய் கிடைக்கும். அந்த வாரங்களில் உட்காருவது, அழைத்தால் வருவது, காலோடு நடப்பது ஆகியவற்றைச் சொல்லிக்கொடுக்கலாம். நாள் ஒன்றும் வீணாகாது.

பிளாஸ்டிக் டம்மியை ஏன் தள்ளிப்போட வேண்டும் என்பது இப்போது புரியும். உள்ளே காற்று நிரம்பிய கெட்டியான உருளை, மேலே சிறு சிறு முண்டுகள். தண்ணீரில் நன்றாக மிதக்கும், கழுவ எளிது, வருடக்கணக்கில் உழைக்கும். ஆனால் ஆடும் பல்லில் அது இடித்தால் வலி. நிரந்தரப் பற்கள் முழுதாக வந்தபின் எடுங்கள். முனையில் காற்று அடைப்பான் உள்ளதை வாங்கினால் அழுத்தத்தைக் குறைத்து மென்மையாக்கிக்கொள்ளலாம். அடைப்பான் கசிந்தால் தண்ணீர் புகுந்து மூழ்கிவிடும், அதனால் குளத்துக்குக் கொண்டுபோகுமுன் குலுக்கிப் பாருங்கள்.

நிறத்திலும் கவனம் வேண்டும். பெட்டிகளில் பெரும்பாலும் ஆரஞ்சு நிற டம்மி இருக்கும், மனிதக் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். நாய்க்கு நீலமும் மஞ்சளும் பிரிந்து தெரியும், சிவப்பும் பச்சையும் பிரியாது. பச்சைப் புல்லில் கிடக்கும் ஆரஞ்சு டம்மி அதற்குப் புல்லோடு கலந்துவிடும். விழும் இடத்தைப் பார்த்து நினைவில் வைக்கப் பழக்கும் காலத்தில் வெள்ளை அல்லது கறுப்பும் வெள்ளையும் கலந்த டம்மியே வேண்டும். ஆரஞ்சை, மோப்பம் பிடித்துத் தேடக் கற்பிக்கும் பிந்தைய கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அது மிகப் பொருத்தம்.

தேவைப்படும் இரண்டாவது பொருள் விசில், இது முதல் நாளிலிருந்தே வேண்டும். பெட்டியில் உள்ளே குண்டு உருளும் விசில் வந்தால் மாற்றிவிடுங்கள், எச்சில் நனைந்தாலும் குளிரிலும் குண்டு ஒட்டிக்கொள்ளும். திருகி ஒலியை மாற்றும் 'ஓசையில்லா' விசிலும் வேண்டாம், திருகு சற்று நகர்ந்தால் குட்டிக்கு அது வேறு ஒலி. ஆக்மே நிறுவனத்தின் குண்டில்லாத பிளாஸ்டிக் விசில்களில் எண்ணே சுருதியைக் குறிக்கும். 210½ ஸ்பேனியல் வைத்திருப்பவர்களிடமும், 211½ லேப்ரடார், கோல்டன் ரிட்ரீவர் வைத்திருப்பவர்களிடமும் பரவலாக இருக்கிறது. எந்த எண்ணை எடுத்தாலும் சரி, எடுத்த எண்ணிலேயே இரண்டு வாங்குங்கள். ஒன்று தொலைந்தால் அதே சுருதி கையில் இருக்கும்.

உணவுத் தட்டை வைக்கும் ஒவ்வொரு முறையும் குறுகிய மூன்று நான்கு ஊதல். இரண்டு வாரத்தில் அந்த ஒலி கேட்டால் எந்த அறையிலிருந்தும் ஓடி வரும். வராது என்று தோன்றும் நேரத்தில், அதாவது இன்னொரு நாயோடு விளையாடும்போதோ எதையாவது மோப்பம் பிடிக்கும்போதோ, ஊதவே வேண்டாம். வராமல் போன ஒவ்வொரு ஊதலும் அந்த ஒலியின் மதிப்பைக் குறைக்கும். நிற்கச் சொல்லும் ஒற்றை நீள ஊதலை, சொன்னவுடன் உட்காரக் கற்ற பிறகே, ஐந்தாறு மாத வாக்கில் சேருங்கள்.

நீளக் கயிறு பற்றி: பெட்டிகளில் வருவது பெரும்பாலும் குட்டிக்குக் கனம். குறிப்பாகக் கொக்கி. பெரிய பித்தளைக் கொக்கி தாடையிலும் காலிலும் இடித்துக்கொண்டே இருக்கும். குட்டிக்கு ஐந்து மீட்டர் மெல்லிய கயிறு, சிறிய கொக்கி போதும், வளர்ந்தபின் பத்து மீட்டருக்கு மாறலாம். கைப்பிடி வளையம் இருந்தால் வெட்டிவிடுங்கள், செடியிலும் கல்லிலும் மாட்டும். நைலான் கயிறு வேகமாக ஓடினால் உள்ளங்கையை எரித்துவிடும். பருத்தி கைக்கு இதம், ஆனால் நனைந்தால் கனக்கும். எப்போதும் தட்டையான கழுத்துப்பட்டையில் மட்டும் மாட்ட வேண்டும். சுருக்கு வாரில் மாட்டி, குட்டி ஓடிக் கயிற்றின் எல்லையில் அடிபட்டால் கழுத்துக்கு ஆபத்து. கயிற்றைச் சுண்டி இழுக்காமல் மிதித்து நிறுத்துவதே சரியான முறை. சுருக்கு வார் தன்னளவில் நல்ல பொருள்தான், சுருக்கு அளவுக்கு மீறி இறுகாமலோ தளராமலோ தடுக்கும் நிறுத்துத் தோல் இருந்தால். காலோடு நடக்கப் பழக்கும் நான்கைந்து மாதத்தில் எடுத்தால் போதும்.

வாசனைக் குப்பி தேவையே இல்லை. வாசனை ஏற்றிய டம்மியை இளங்குட்டி கவ்வுவதை விட நக்கவும் மெல்லவுமே பார்க்கும். பறவை வாசனை வேண்டுமானால், பற்கள் வந்தபின், உலர்ந்த புறா இறக்கை ஒன்றின் வெட்டிய எலும்பு முனையை நாடாவால் மூடி டம்மியில் நூலால் கட்டுங்கள். ரப்பர் பேண்ட் வேண்டாம், விழுங்கிவிடும். ஓரிரு முறை எறிந்துவிட்டு எடுத்து வைத்துவிட வேண்டும்.

சில பெரிய பெட்டிகளில் வெற்றுத் தோட்டாத் துப்பாக்கியும், பறவை வடிவ டம்மியும் சேர்ந்து வருகின்றன. வெடிச் சத்தத்தில் அவசரப்பட்டால் திருத்துவது மிகக் கடினம், சில நாய்களுக்கு அந்த அச்சம் கடைசி வரை போவதே இல்லை. குட்டி எறிந்த பொருளைத் துரத்தி முழு ஆர்வத்தில் ஓடும்போது, உதவியாளர் ஒருவர் நூறு மீட்டர் தள்ளி நின்று ஒரே ஒரு முறை வெடிக்க வேண்டும். குட்டி நின்று திரும்பிப் பார்த்தால் அன்றைக்கு அதோடு முடிந்தது, அடுத்த முறை தூரம் இன்னும் அதிகம். கண்டுகொள்ளாவிட்டாலும் அதே நாளில் தூரத்தைக் குறைக்காதீர்கள். சாப்பிடும்போது வெடிக்கச் சொல்பவர்கள் உண்டு, நான் அதை ஏற்கவில்லை. பயந்துவிட்டால் தட்டையே வெறுக்கும். பழக்குவதற்காகத் துப்பாக்கி சுடும் களத்துக்குக் குட்டியைக் கூட்டிப்போவது அதைவிட மோசம்.

பறவை வடிவ டம்மிகளில் டோக்கன் நிறுவனத்தின் 'டெட் ஃபவுல்' வகை நல்ல யோசனையோடு செய்யப்பட்டது. உடல் மென்மையான நுரை, தலை மட்டும் கெட்டி, அது தளர்ந்து ஆடும். கழுத்தைப் பிடித்தாலும் உதறினாலும் தலை இடிக்கும், அதனால் நாய் உடலைச் சரியாகக் கவ்வக் கற்கிறது. ஆனால் மெல்லும் வாய்க்கு அந்த நுரை தாங்காது. டம்மியை ஒழுங்காகக் கையில் கொடுக்கப் பழகிய, எட்டு மாதம் தாண்டிய நாய்க்கே இது பொருந்தும்.

ஆகவே முழுப் பெட்டியை வாங்க நான் பரிந்துரைக்க மாட்டேன். கயிறு இல்லாத சிறிய கேன்வாஸ் டம்மி இரண்டு, ஒரே எண்ணுள்ள விசில் இரண்டு, தட்டையான கழுத்துப்பட்டை, ஐந்து மீட்டர் மெல்லிய கயிறு. முதல் சில மாதங்களுக்கு இவை போதும். ஏற்கெனவே பெட்டி கையில் இருந்தால் கேன்வாஸையும் விசிலையும் எடுத்துக்கொண்டு மற்றதை மூடி வையுங்கள். டம்மி விளையாட்டுப் பொருள் கூடையில் கிடக்கக் கூடாது. பயிற்சி முடிந்ததும் வெறும் தண்ணீரில் கழுவி, சோப்பு போடாமல், நிழலில் காய வைத்து உயரத்தில் எடுத்து வையுங்கள். எச்சில் காய்ந்து விறைத்த கேன்வாஸைக் குட்டி முனையில்தான் கவ்வும். தையல் பிரிந்து உள்ளடைப்பு எட்டிப்பார்த்தால் தைத்து ஒட்டுப்போட வேண்டாம், அன்றே மாற்றிவிடுங்கள். பிய்க்க ஒரு நூல் கிடைத்தால் போதும், குட்டி அதைப் பிய்க்கத்தான் செய்யும்.