நுவரெலியாவில் வாடகை சைக்கிள்: எங்கள் 38,000 ரூபாய் போய்விட்டது, நீங்களாவது கவனம்

38,000 ரூபாய். நுவரெலியாவில் ஒரு நாள் சைக்கிள் ஓடியதற்கு, வாடகை போக, எங்களிடமிருந்து பிடுங்கிய காசு இது. வீட்டுக்கு வந்து பைகளைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. ஏப்ரல் சீசனுக்கு மலைக்குப் போக நிறையப் பேர் ஆயத்தமாகிக்கொண்டிருப்பீர்கள், ஆறுதலாக இருந்து எழுதினால் அதற்குள் பிந்திவிடும். ஆகவே இந்தக் கோபத்தோடேயே எழுதுகிறேன், அங்கங்கே எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடையின் பெயரைக் கேட்காதீர்கள், போடமாட்டேன். என் அடையாள அட்டையின் இரண்டு பக்கமும் அவர்களுடைய போனில் படமாக இருக்கிறது, அந்த ஒரு காரணம் போதும். முன்னால் வரிசையாகச் சைக்கிள், உள்ளே குளிர் சட்டையும் கம்பளித் தொப்பியும் விற்பனை. அந்த மாதிரி ஒரு கடை.

நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். சைக்கிளைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளில் பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில் கல்யாண வீடு, செத்த வீடு, ஆஸ்பத்திரி எல்லாமே சைக்கிளில்தான் நடந்தது. 2022இல் எரிபொருள் வரிசை வந்தபோது மறுபடியும் அதே சைக்கிளைத்தான் இறக்கினோம். லுமாலா சைக்கிளைக் கழற்றிப் பூட்டத் தெரியாத வீடு எங்கள் ஒழுங்கையில் இல்லை. ஒன்றே ஒன்றுதான், எங்கள் ஊரில் ஏற்றம் என்றால் அது பாலம். அதனால் குளிருக்குள் மலை வீதியில் ஒரு முறை ஓடிப் பார்க்கவேண்டும் என்று எனக்கும் மச்சானுக்கும் கனநாள் ஆசை. பிள்ளைகளையும் பெண்களையும் கிரகரி வாவியில் படகுக்கு அனுப்பிவிட்டு, நாங்கள் இருவரும் ஹக்கல தாவரவியல் பூங்கா வரை போய் வருவது என்று திட்டம். பத்துக் கிலோமீற்றர் அளவுதான். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, பூங்கா அதைவிடத் தாழ்வான இடம். ஆக, போகும்போது பெரும்பாலும் இறக்கம், திரும்பும்போது ஏற்றம்.

இதைக் கடையில் தெளிவாகச் சொன்னேன். இந்த இடத்தைக் கவனியுங்கள், பிறகு இதுதான் பிரச்சினையாக வந்தது. "ஹக்கல வரைக்கும் போறோம், இறக்கம் தாங்குமா?" என்று கேட்டேன். கல்லாவில் இருந்தவர் முப்பது வயதுக்குள் இருப்பார், நல்ல சிரித்த முகம். "அண்ணே, வெளிநாட்டுக்காரங்க இதுலதான் வெலிமடை வரைக்கும் போயிட்டு வர்றாங்க. நீங்க ஜாலியா போங்க" என்றார். அப்புறம் எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, "யாழ்ப்பாணமா? பேச்சுலயே தெரியுது. எங்க அக்காவ கிளிநொச்சியிலதான் கட்டிக் குடுத்திருக்கு" என்றார். அவ்வளவுதான், மச்சான் உருகிவிட்டான். கிளிநொச்சியில் எந்தப் பக்கம், எந்தப் பள்ளிக்கூடம் என்று இரண்டு பேரும் சொந்தக்காரர் மாதிரிக் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். இஞ்சி போட்டுப் பிளேன்ரீ வந்தது. அந்தக் குளிருக்கு அது எவ்வளவு நன்றாக இருந்தது என்பதை நினைக்க இப்போது எரிச்சலாக வருகிறது.

வாடகை ஒரு சைக்கிளுக்கு 3,000. டெபொசிட் ஒன்றுக்கு 10,000, ஆக 20,000. கார்ட் மெஷின் வேலை செய்யவில்லை, காசுதான் வேண்டும் என்றார். டெபொசிட் வாங்கிய பிறகும் அடையாள அட்டை கேட்டார். "இரண்டும் எதற்கு?" என்றேன். "ரூல்ஸ் அண்ணே, முதலாளி கேப்பாரு. சும்மா ஒரு பேச்சுக்கு வச்சிருப்போம்." பில் கேட்டேன். "நம்ம ஆளுகளுக்குள்ள பில் எதுக்குண்ணே, சாயங்காலம் வந்ததும் அப்படியே கையில குடுத்துருவேன்." திரும்பவும் கேட்டேன். பில் புத்தகம் முடிந்துவிட்டது என்றார். என் அடையாள அட்டையை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார்.

கடை வாசலில் ஓடிப் பார்த்தோம். பிரேக் பிடித்தது. ஏற்ற இறக்கம் இல்லாத தார் வீதியில் எந்தப் பிரேக்கும்தான் பிடிக்கும்.

சீதையம்மன் கோயில் வரை சந்தோஷமாகத்தான் போனோம். சாமி கும்பிட்டுவிட்டு அங்கிருந்து கீழே இறங்கும்போது லேசாகத் தூறல். என் பின் பிரேக்கிலிருந்து கிர்ர்ர் என்று ஒரு சத்தம், இரும்பில் இரும்பு உரசுகிற சத்தம். றப்பர் முழுக்கத் தேய்ந்து உள்ளே இருந்த தகடு ரிம்மைப் பிடித்துக்கொண்டிருந்தது. நனைந்த ரிம்மில் தகடு என்ன பிடிக்கும்? முன் பிரேக்கை அமத்தினால் பிடி ஹேண்டிலில் போய் முட்டுகிறது, சக்கரம் தன் பாட்டில் உருள்கிறது. பின்னால் வெலிமடை பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே வருகிறது. இடப்பக்கக் கானோரம் இருந்த புல்லுக்குள் விட்டுக் காலை ஊன்றி நிறுத்தினேன். சப்பாத்தின் அடி போய்விட்டது. உயிர் போகவில்லை, அந்த மட்டில் சரி.

மிச்சத் தூரத்தைத் தள்ளிக்கொண்டே போனோம். பூங்காவுக்குள் நுழைந்து ஒழுங்காகப் பார்க்கவும் மனம் வரவில்லை. 1861இல் சிங்கோனாப் பயிருக்காகத் தொடங்கிய தோட்டமாம், ரோஜாக்கள் பார்க்கவேண்டியவை என்று எல்லோரும் சொல்வார்கள். நான் பார்த்தது பிரேக் கம்பியைத்தான்.

திரும்பி வரும்போது மச்சானின் முறை. ஏற்றத்தில் அவன் லேசான கியருக்கு மாற்றினான். கியர் உள்ள சைக்கிள் என்றால் ஏற்றத்தில் அதைத்தானே செய்யவேண்டும்? செயின் பெரிய பல்லையும் தாண்டிக் கம்பிகளுக்குள் விழுந்தது, பின்னால் தொங்குகிற கியர்ப் பெட்டியை அப்படியே சுருட்டி இழுத்து உடைத்தது. சக்கரம் இறுகி, ஆள் பக்கவாட்டில் விழுந்தான். முழங்கால் தோல் உரிந்து இரத்தம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: செயின் அந்தப் பக்கம் தாண்டாமல் இருக்க அந்தப் பெட்டியிலேயே ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கிறது. அதைச் சரியாக வைத்திருப்பது வாடகைக்கு விடுகிறவனின் வேலை. ஓடுகிறவன் மாற்றியது கைப்பிடியில் இருக்கிற கியரை மட்டும்தான்.

வீதியோரம் கரட்டும் லீக்ஸும் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மா ஓடிவந்து, காலைக் கழுவத் தண்ணீர் தந்து, பக்கத்தில் மோட்டார் சைக்கிள் திருத்துகிற ஒரு தம்பியைக் கூப்பிட்டுவிட்டார். அந்தத் தம்பி குனிந்து உடைந்த இடத்தைப் பார்த்தான். பிறகு ஸ்க்ரூட்ரைவர் நுனியால் கறுப்பு பெயின்ட்டைச் சுரண்டினான். உள்ளே சாம்பல் நிறத்தில் எம்-சீல். ஏற்கனவே உடைந்ததை எம்-சீல் வைத்து ஒட்டி, அதற்கு மேல் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். பசையை அமத்திய பெருவிரல் ரேகைகூட அதில் தெரிந்தது. "இது நீங்க உடைச்சது இல்லண்ணே, இது எப்பவோ உடைஞ்சது" என்றான் தம்பி. படம் எடுத்துக்கொண்டேன். காசு கொடுத்தால் வாங்கமாட்டேன் என்றான். ஓட்டோவும் அவனே பிடித்துத் தந்தான். மலையகத்து ஆட்கள் என்றால் எனக்கு இனி அந்த அம்மாவும் அந்தத் தம்பியும்தான், அந்தக் கடை இல்லை.

சைக்கிள்களை ஓட்டோவில் கட்டிக்கொண்டு கடைக்குப் போய்ச் சேர மாலையாகிவிட்டது. காலையில் சிரித்த முகம் இப்போது வேறு முகம். சைக்கிளைப் பார்த்தார், எங்களைப் பார்க்கவில்லை. "முதலாளி வந்துதான் செக் பண்ணணும். காலையில வாங்க" என்றார். டெபொசிட்? காலையில். அடையாள அட்டை? அதுவும் காலையில், லாச்சிச் சாவி முதலாளியிடமாம். காலையில் அந்த லாச்சியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அடுத்த நாள் மத்தியானம் நானுஓயாவில் எங்களுக்கு ரயில். ஆசனம் பதிவு செய்த டிக்கெட், அதில் என் அடையாள அட்டை இலக்கம் இருக்கிறது. இது அவர்களுக்குத் தெரியும். முதல் நாள் பிளேன்ரீ குடித்துக்கொண்டே எங்கள் பயணம் முழுவதையும் மச்சான் சொல்லியிருந்தான். கடை திறக்கிற நேரத்துக்குப் போனால் கதவு மூடியிருக்கிறது. கோல் எடுத்தால் "வந்துட்டே இருக்கோம்." வந்தபோது ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. பிள்ளைகளும் பைகளும் வானுக்குள், சாரதி ஹோர்ன் அடித்துக்கொண்டிருக்கிறார்.

முதலாளி என்று ஒருவர் வந்தார். துண்டுத் தாளில் கணக்கு: கியர் 22,000. சக்கரக் கம்பி 6,000. பெயின்ட் 6,000. பிரேக் 4,000. மொத்தம் 38,000. பிரேக்குக்கும் காசு! என்னைக் கொல்லப் பார்த்த பிரேக்குக்கு நானே 4,000 கட்டவேண்டுமாம். எம்-சீல் படத்தைக் காட்டினேன். "அத நீங்களே வழியில ஒட்டியிருப்பீங்க" என்றார், கண் இமைக்காமல். ஈரத் தூறலில், வீதியோரத்தில், எம்-சீல் ஒட்டி, காயவைத்து, பெயின்டும் அடித்தோமாம்.

அடுத்து வந்ததுதான் பெரிய பகிடி. கல்லாவுக்குப் பின் சுவரில், தொங்கவிட்ட குளிர் சட்டைகளை விலக்கி ஒரு தாளைக் காட்டினார்: சைக்கிள்கள் வாவியைச் சுற்றி ஓடுவதற்கு மட்டும், வெளியே கொண்டுபோனால் முழுப் பொறுப்பும் வாடிக்கையாளருடையது. "ஹக்கல போகலாம் என்று இவர்தானே சொன்னார்" என்று கல்லாக்காரரைப் பார்த்தேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் "தம்பி, நீங்க சொன்னீங்கதானே?" என்று கேட்டான். அதற்கும் பதில் இல்லை. கிளிநொச்சி அக்காவும் இல்லை, ஒன்றும் இல்லை.

டெபொசிட் 20,000 அவர்களிடம். மிச்சம் 18,000 வைத்தால்தான் அடையாள அட்டை. மனைவி வானிலிருந்து இறங்கி வந்து, "இஞ்சேருங்கோ, குடுத்திட்டு வாங்கோ, பிள்ளையளோட ரயிலை விட்டிட்டு என்ன செய்யிறது" என்றா. கொடுத்தோம். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். "பார்ட்ஸ் கொழும்புல இருந்து வரும், பில் வந்ததும் மிச்சம் இருந்தா அனுப்பிருவோம்" என்றும் சொன்னார். அட்டையைத் தருவதற்கு முன் அதைப் படம் எடுத்தார்கள். எதற்கு என்று கேட்கக்கூட நேரம் இல்லை.

ரயிலுக்குள் இருந்தே வாட்ஸ்அப்பில் படங்களை அனுப்பினேன். நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. கோல் எடுத்தால் சேர் சாப்பிடுகிறார். பிறகு எடுத்தால் சேர் கண்டிக்குப் போய்விட்டார். பார்ட்ஸ் பில்லை அனுப்புங்கள் என்று கேட்டால், "என்ன பில்லு சார்?" அண்ணே போய் சார் வந்துவிட்டது. நேற்றிரவு பார்க்கிறேன், அவர்களின் வாட்ஸ்அப் படத்தையே காணவில்லை. பிளொக் பண்ணிவிட்டார்கள் போல.

யாழ்ப்பாணத்தில் நான் வழக்கமாகப் போகிற சைக்கிள் கடைக்காரரிடம் படத்தைக் காட்டினேன். "இந்தக் கியருக்கா 38,000? அந்தக் காசுக்குப் பழைய சைக்கிளே வாங்கிப்போடலாமே ஐயா" என்றார். மனிதர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போகிறவர்களுக்கு விவரமாக எழுதவேண்டும் என்றுதான் தொடங்கினேன். நேரம் இல்லை, அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். அடையாள அட்டையைக் கையில் கொடுக்காதீர்கள், இலக்கத்தை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அட்டைதான் வேண்டும் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். சைக்கிளை எடுக்கும்போது கடைக்காரரின் குரலும் கேட்கிற மாதிரி வீடியோ எடுங்கள், எங்கே போகிறீர்கள் என்பதையும் அதிலேயே சொல்லுங்கள். பிரேக் றப்பரைக் குனிந்து பாருங்கள், ஓடிப் பார்ப்பதென்றால் ஒரு சரிவில் ஓடிப் பாருங்கள். பெயின்ட் ஓரிடத்தில் மட்டும் புதிதாக இருந்தால் நகத்தால் சுரண்டுங்கள். ஊரை விட்டுக் கிளம்புகிற நாளைக் கடையில் சொல்லாதீர்கள். பில் இல்லை என்றால் சைக்கிளும் வேண்டாம். சும்மா வாவியைச் சுற்றத்தான் என்றால் அவ்வளவு பயமில்லை, அங்கே இறக்கம் இல்லை.

நுகர்வோர் அதிகார சபையின் இலக்கம் 1977. திங்கட்கிழமை எடுத்து முறையிடப் போகிறேன். பில் இல்லை, துண்டுத் தாளும் அவர்களிடம்தான், என் கையில் இருப்பது எம்-சீல் படமும் கோல் பதிவுகளும் மட்டும்தான். இப்படியான முறைப்பாட்டில் யாராவது காசு திரும்ப எடுத்திருந்தால் எப்படி என்று எனக்கு எழுதுங்கள். மச்சானின் முழங்கால் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது, அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.