பனையா, பப்பாளியா: ஆண் பெண் கணக்கு

பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வரப்பெல்லாம் பனை. கொல்லைக்குக் கொல்லை பப்பாளி. இரண்டிலும் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி உண்டு.

பனங்கொட்டையைப் புதைத்தவர் அது ஆணா பெண்ணா என்று அறிய, பாளை விடும்வரை பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். இலையையோ உயரத்தையோ பார்த்துச் சொல்லிவிட முடியாது. நுங்கு பெண் பனையில் மட்டும்தான். இருந்தாலும் ஆண் பனை வீண் இல்லை. அதன் பாளையைச் சீவினாலும் கள் இறங்கும்.

பப்பாளி சில மாதத்திலேயே பூத்துக் காட்டிக்கொடுத்துவிடும். நீளக் காம்பில் கொத்துக் கொத்தாக மெல்லிய பூக்கள் தொங்கினால் ஆண். தண்டோடு ஒட்டி, அடி பருத்த பூ என்றால் பெண். மூன்றாவதும் ஒன்று உண்டு, ஒரே பூவில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் இருக்கும் இருபால் மரம். சந்தையில் விலைபோகும் நீளப் பழம் அதில்தான். பெண் மரத்துப் பழம் உருண்டையாக இருக்கும்.

பப்பாளியின் மரபணுக் கணக்கு இப்படி: பாலைத் தீர்மானிக்கும் குரோமோசோம்கள் பெண்ணுக்கு எக்ஸ் எக்ஸ், ஆணுக்கு எக்ஸ் ஒய். இருபால் மரத்தில் இருப்பது ஒய்யின் சற்றே மாறிய வடிவம். விதைக்குள் இரண்டு ஒய் சேர்ந்தால் கரு பிழைக்காது. அதனால் இருபால் பூ தன் மகரந்தத்திலேயே கருவுற்றால், விதையில் இரண்டு பங்கு இருபால், ஒரு பங்கு பெண். ஆண் வரவே வராது.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பப்பாளி ரகங்களில், கோ 2 ரகத்தில் ஆண் மரங்கள் வரும், கோ 7 ரகத்தில் வராது. சின்னக் கொல்லைக்கு என்றால் கோ 7தான் என் கட்சி.