ஐம்பது மில்லிமீற்றரா, ட்ரைபொட்டா?

அக்காவின் மகன் பழைய கமரா ஒன்று வாங்கியிருக்கிறான். அதனுடன் வந்த 18–55 ஸூம் லென்ஸில் எடுத்த படங்களைக் காட்டி, "ஒன்றுகூடக் கூராக இல்லை, மாமா" என்று முறையிட்டான். கையிலுள்ள காசுக்கு ஒன்றுதான் வாங்கலாம்: எஃப் 1.8 துளையுள்ள 50 மில்லிமீற்றர் லென்ஸ், அல்லது கமராவை நிறுத்த உறுதியான ட்ரைபொட், அதாவது முக்காலி. (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் துளை பெரிது.) என்னிடம் இரண்டும் உண்டு. இரண்டையும் நான் திட்டியும் இருக்கிறேன்.

கடைக்குப் போகுமுன் மங்கலின் சாதியைப் பார்க்க வேண்டும். படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை நடுங்கியிருக்கிறது. ஆள் மட்டும் இழுபட்டுச் சுவர் தெளிவாக இருந்தால் ஆள் அசைந்திருக்கிறார். முகம் மங்கிப் பின்னாலுள்ள வேலி தெளிந்திருந்தால் ஃபோக்கஸ் தவறியிருக்கிறது. மருமகனின் படங்களில் பாதி முதல் வகை, விளக்கு வைக்கும் நேரத்தில் எடுத்தவை.

அந்த நேரத்துக்கு 50 மில்லிமீற்றர் பெரிய கொடை. கமராவுடன் வந்த அந்தக் கிட் லென்ஸை 50க்கு நீட்டினால் அதன் துளை எஃப் 5.6 வரை சுருங்கிவிடும். எஃப் 1.8 அதைவிட ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். பத்தில் ஒரு வினாடி தேவைப்பட்ட இடத்தில் நூறில் ஒரு வினாடி போதும். கிட் லென்ஸிலுள்ள அதிர்வு தடுப்பு உங்கள் கையைத்தான் பிடிக்கும், எதிரே ஓடும் பிள்ளையைப் பிடிக்காது.

நல்லூர்த் திருவிழாவில் தேருக்கு முதல்நாள் மாலை சப்பறம். வீதியில் ட்ரைபொட்டை விரித்தால் மூன்று காலிலும் மூன்று பேர் இடறுவார்கள். அங்கே 50தான். ஆனால் மருமகனுடையது போன்ற கமராக்களின் சிறிய சென்சாரில், அதாவது ஒளியைப் பதியும் தகட்டில், அது 80 மில்லிமீற்றர் போலக் குறுகிக் காட்டுவதால் முழுச் சப்பறமும் உள்ளே வராது. சப்பறத்தை நிமிர்ந்து பார்க்கும் முகங்கள் வரும். எனக்கு அது நட்டமாகத் தோன்றவில்லை.

இந்த லென்ஸ் கழுத்தறுப்பதும் உண்டு. வாங்கிய புதிதில், முற்றத்தில் பாக்கு இடித்துக்கொண்டிருந்த அம்மம்மாவை எஃப் 1.8இல் எடுத்தேன். ஒரு மீற்றர் தூரத்தில் அந்தத் துளைக்குத் தெளிவான ஆழம், அதாவது முன்னும் பின்னுமாகக் கூராகத் தெரியும் இடைவெளி, 3 சென்ரிமீற்றருக்கும் குறைவு. ஒரு கண் இமை மயிர் எண்ணும்படி இருந்தது. மற்றக் கண் புகைக்குள் போய்விட்டது. லென்ஸ் பழுது என்று இரண்டு மாதம் நம்பியிருந்தேன். எஃப் 2.8க்கு இறக்கியதும் அதே லென்ஸ் நல்ல பிள்ளையாகிவிட்டது.

இனி ட்ரைபொட். யாழ்ப்பாணக் கோட்டையின் முருகைக்கற்சுவரில் சாய்வெயில் விழும்போது, கிட் லென்ஸை எஃப் 8இல் ட்ரைபொட்டில் நிறுத்தி, ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வைக் குறைத்து 100இல் வைத்து, திரையில் பெருப்பித்துக் கையால் ஃபோக்கஸ் செய்து, இரண்டு வினாடி டைமரில் எடுத்துப் பாருங்கள். கல்லின் ஒவ்வொரு பொத்தலும் தெரியும். அதே மாலையில் 50ஐக் கையில் பிடித்து எடுத்த என் படங்கள் இதனிடம் தோற்றன. மலிவு லென்ஸைத் திட்டுகிறவர்களில் பலர் அதை அசையாமல் நிறுத்திப் பார்த்ததே இல்லை.

ட்ரைபொட் இருக்கிறதே என்று துளையை எஃப் 22 வரை சுருக்குவது எங்கள் ஊர் ஆசை. பௌதிகத்தில் ‘கோணல்’ என்று படித்தோமே, சிறுதுளை வழியே போகும் ஒளி பரந்துவிடுவது, அது படம் முழுவதையும் மெழுகிவிடும். 1932இல் கலிபோர்னியாவில் புகைப்படக் கலைஞர்களான அன்செல் அடம்ஸும் எட்வர்ட் வெஸ்ரனும் நண்பர்களும் தங்கள் குழுவுக்கு எஃப் 64 என்றே பெயர் வைத்தார்கள். அவர்களுடையவை பெரிய தகட்டுக் கமராக்கள்; அந்த எண்ணை நம் சிறு சென்சாரில் தேடக் கூடாது.

ட்ரைபொட்டின் எதிரி காற்று. பண்ணைக் கடலோரத்தில் சோளகம் வீசும்போது மெலிந்த ட்ரைபொட் நாணல்போல ஆடும். நடுத்தண்டை உயர்த்தாமல், கீழே பையைத் தொங்கவிட்டு, அந்தப் பையும் ஊஞ்சலாடாமல் நிலத்தைத் தொடவிட வேண்டும். நண்பகலில் களப்புக்கு அப்பால் நிற்கும் பறவைகளை எடுக்க இரண்டுமே உதவாது. கானல் முன்னே நிற்கும். விடியலில் போவதுதான் வழி. லென்ஸின் முன்னால் மாட்டும் வடிகட்டிக் கண்ணாடியில் படியும் கடலுப்பை உலர்ந்த சட்டைத் துணியால் தேய்க்கும் பழக்கத்தையும் விடுங்கள்.

மருமகன் எடுப்பவை தங்கச்சி, நண்பர்கள், கிரிக்கெட் முடிந்து வீடு திரும்பும் பெடியன்கள். ஆகவே 50ஐ வாங்கச் சொன்னேன். கோட்டையும் கடலும் மட்டுமே எடுப்பவன் என்றால் தயங்காமல் ட்ரைபொட் சொல்லியிருப்பேன்.

பாவித்த லென்ஸ் என்றால் கைவிளக்கை உள்ளே அடித்துப் பூஞ்சணம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கடற்காற்று ஊரில் அது சகஜம். பிறகு கடைச் சுவரில் ஒரு பத்திரிகைத் தாளை ஒட்டி எஃப் 2.8இலும் 8இலும் நேராக எடுத்து, நான்கு மூலை எழுத்துகளையும் ஒப்பிட வேண்டும். ஒரு மூலை மட்டும் எட்டிலும் மங்கினால் விலை குறைத்தாலும் வேண்டாம். கமராவை எதன்மேலாவது அசையாமல் வைத்து எடுக்க வேண்டும் என்றேன். "அப்படியென்றால் உங்கள் ட்ரைபொட்டைத் தாருங்கள், மாமா" என்றான்.