சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச சட்ட உதவி: எது நன்று, எங்கே இடறும்?

1995 நவம்பர் 9 முதல் நாடெங்கும் நடைமுறையில் இருக்கும் இந்தச் சேவையை 'ஏழைகளுக்கான வக்கீல்' என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்த நினைப்பாலேயே உரிமையுள்ள பலர் வாசல்வரைகூடப் போவதில்லை. சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. வருமானச் சான்றிதழ் இல்லை என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பினால் அது தவறு. அந்தப் பிரிவைச் சொல்லியே கேட்கலாம்.

மனுவை மாவட்ட ஆணைக்குழு அலுவலகத்திலோ வட்ட சட்டப்பணிகள் குழுவிலோ கொடுக்கலாம். உதவி எண் 15100. எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொன்னால் அங்குள்ளவர்களே எழுதிக்கொள்வார்கள். 7 நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும் என்பது விதி. நிராகரித்தால் ஆணைக்குழுவின் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம். மாவட்டத்தில் அவர் முதன்மை மாவட்ட நீதிபதி. அந்த 7 நாள் கணக்குக்கு ஆதாரம் வேண்டும் என்பதால், மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

பலர் சிக்குவது நீதிமன்றத்தில் மேல்முறையீடு போடுவதற்கான காலவரம்பில். இங்கே மனு கொடுத்ததால் மட்டும் காலவரம்பு நின்றுவிடாது. கீழ்நீதிமன்றத் தண்டனையை எதிர்த்து செஷன்ஸ் நீதிமன்றம் போக 30 நாள், உயர்நீதிமன்றம் போக 60 நாள். கடைசி வாரத்தில் போய் நின்றால் வக்கீலை நியமிக்கவே அந்த நாட்கள் போய்விடும். பிறகு தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனி மனு போடவேண்டும்.

தரத்தில் குற்றவியல் பக்கம் முன்னேறியிருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாட 2022-இல் வந்த முழுநேர சட்ட உதவி வக்கீல்கள் திட்டம்தான் காரணம். இவர்கள் தனியாக வழக்கு எடுக்கக்கூடாது என்பதால் ஜாமீன் மனுக்கள் காத்துக்கிடப்பது குறைகிறது. சிவில் வழக்குகளுக்கு இன்னும் பேனல் வக்கீல்கள்தான், அதாவது ஆணைக்குழுவின் பட்டியலில் உள்ள தனி வக்கீல்கள். அவர்களுக்குக் கிடைக்கும் கட்டணம் குறைவு, சொந்த வழக்குகளும் உண்டு. அதனால் வாய்தா மேல் வாய்தா. சீர்திருத்தம் அடுத்து வரவேண்டிய இடம் இதுதான். வக்கீல் தொடர்ந்து ஆஜராகாவிட்டால் ஆணைக்குழுவின் செயலாளரிடம் எழுத்துமூலம் மாற்றக் கேட்கலாம். நீதிமன்றக் கட்டணம், சான்றிட்ட நகல் செலவு எல்லாம் உதவியில் அடக்கம். வக்கீல் தனியாகப் பணம் கேட்டால் உடனே புகார் கொடுங்கள்.

இரு தரப்பையும் பேசவைத்து சமரசமாக முடிக்கும் மக்கள் நீதிமன்றத்துக்கு (லோக் அதாலத்) வழக்கை அனுப்பச் சொன்னால் தயங்கவேண்டாம். சமரசமானால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் கையெழுத்துப் போட்ட தீர்வுக்கு மேல்முறையீடு இல்லை. தொகை, தவணைத் தேதி, தவறினால் என்ன என்ற மூன்றும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுப் பேனாவை எடுங்கள்.